"தானே புயல் முந்திரி"ன்னு தேடினா என்ன வரணும்: தேடல் கணக்க கையால போட்டுப் பழகுறது எப்படி

எங்க அப்பா பண்ருட்டி பக்கத்துல முந்திரி வெச்சிருந்தாரு. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையக் கடந்துச்சு, தோப்புல பாதிக்கு மேல வேரோட சாஞ்சு கெடந்துச்சு. அதுக்கப்புறம் புயல், நிவாரணம், கணக்கெடுப்புன்னு பேப்பர்ல எது வந்தாலும் கத்தரிச்சு ஒரு தகரப் பெட்டியில போட்டு வெக்கிறது அவருக்குப் பழக்கமாயிடுச்சு, நீலம், வர்தா, கஜா, 2015 வெள்ளம் எல்லாம் அதுல இருக்கு. நான் புதுச்சேரி காலாப்பட்டுல தகவல் மீட்புல (தேடினா சரியான டாக்குமெண்ட் மேல வர வெக்கிற துறை) ரிசர்ச் சேந்தப்போ ஊர்ல இருக்கிற எந்த டேட்டாசெட்டையும் தேடாம அந்தப் பெட்டியத்தான் டைப் பண்ணி முதல் கலெக்‌ஷனா வெச்சேன். முதல் க்வெரி, அதாவது தேடிப் பாத்த சொற்கள், "தானே புயல் முந்திரி".

மேல வந்த பத்துல தானே புயலே இல்ல. கஜா வருது, வர்தா வருது, முந்திரி விலை நிலவரம் வருது. ஒரு நாள் பூரா கோட்ல தப்பு தேடினேன். தப்பு கோட்ல இல்ல, நான் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஸ்டாப்வேர்ட் லிஸ்ட்ல (அடிக்கடி வருதுன்னு தேடல்லேந்து தூக்கிடுற வார்த்தைங்க பட்டியல்) "தானே" இருந்துச்சு. "கலெக்டர் தானே நேரில் வந்து பார்த்தார்"ல வர்ற தானே. அதத் தூக்கிட்டா புயலோட பேரே போயிடுது. சரின்னு லிஸ்ட்ட எடுத்துட்டு மறுபடி ஓட்டினா இப்போ ஸ்டெம்மர் (விகுதிய வெட்டி வேர்ச்சொல்லாக்குற ப்ரோக்ராம்) வேலையக் காட்டுச்சு, கடைசியில இருக்கிற ஏகாரத்த வெட்டி "தான்" ஆக்கிடுச்சு. தமிழ்ல "தான்"விட அதிகமா வர்ற வார்த்தை எத்தன இருக்கும்?

அன்னிக்கு நான் கத்துக்கிட்ட முறையத்தான் இப்போ கடலூர்லயும் பாண்டியிலயும் எம்எஸ்சி, பிஹெச்டின்னு இந்த சப்ஜெக்ட்டுக்குள்ள வர்ற பசங்களுக்கு சொல்றேன். லைப்ரரிய இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டும் பேனாவும் எடுங்க. ஃபார்முலாவ கையால போடுங்க, அது எந்த எந்த விதிக்குக் கட்டுப்படணும்னு நீங்களே எழுதி வெச்சு அதுக்கு எதிரா சோதிங்க. பெரிய டேட்டாவுல ஓட்டி வர்ற ஒரே ஒரு சராசரி நம்பர் இந்த மாதிரி தப்பு எதையும் உங்களுக்குக் காட்டாது.

முதல்ல எழுத்து. கணக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே பாதி சண்டை இங்கதான். "கொ"ங்கிறத யூனிகோட்ல ரெண்டு விதமா அடிக்கலாம், கவுக்கு அப்புறம் ஒகரக் குறி ஒண்ணாவும் வரலாம், ஒத்தக் கொம்பு ஒண்ணு கால் ஒண்ணுன்னு ரெண்டு குறியாவும் வரலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. யூனிகோட் நார்மலைசேஷன், அதாவது ரெண்டு விதத்தையும் ஒரே விதமா மாத்துறது, பண்ணீங்கன்னா இது சரியாயிடும், ஆனா "ஔ" போடுற எடத்துல ஒவும் ளவும் அடிச்சிருந்தா அது சரியாகாது, அத நீங்கதான் தனியா புடிக்கணும். அடுத்தது வேற்றுமை. புயல், புயலால், புயலுக்கு மூணுக்கும் பொதுவா இருக்கிறது புள்ளி வெச்ச "புயல்" இல்ல, புள்ளி இல்லாத "புயல". அதனால முன்னொட்டு வெச்சுத் தேடுறவங்க கடைசிப் புள்ளிய எடுத்துட்டுத் தேடணும். அதுக்காக எல்லாத்தையும் வெட்டிராதீங்க. மரம், மரத்தை, மரங்கள் மூணையும் புடிக்கணும்னு "மர" வரைக்கும் வெட்டினா மரபும் மரணமும் கூடவே வரும், புயல் செய்தியில மரம் விழுந்ததும் மரணமும் ஒரே பாராவுல இருக்கும், உங்க க்வெரி அதோட முடிஞ்சுது.

சரி, கணக்குக்கு வருவோம். 1972ல காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒரு கட்டுரை எழுதினாங்க, எத்தன டாக்குமெண்ட்ல ஒரு வார்த்தை வருதோ அத வெச்சே அதோட கனத்த முடிவு பண்ணலாம்னு. குறைய வர்ற வார்த்தைக்கு கனம் ஜாஸ்தி. இன்னிக்கு நாம ஐடிஎஃப்னு சொல்றது அதுதான். மொத்த டாக்குமெண்ட்ட, அந்த வார்த்தை வர்ற டாக்குமெண்ட் எண்ணிக்கையால வகுத்து லாக் எடுக்கணும். கையால போட வசதியா மொத்தம் 1024 கட்டிங்னு வெச்சுக்கோங்க, லாக்க 2 அடிமானத்துல எடுங்க. "தானே" 512ல வருது, ஐடிஎஃப் 1. "புயல்" 256ல, அது 2. "முந்திரி" 128ல, அது 3.

ஒரு கட்டிங்ல வார்த்தை எத்தன தடவ வருதுங்கிறது அடுத்த பாதி. பத்து தடவ வந்தா பத்து மடங்கு முக்கியம்னு ஆகாது இல்ல, அதுக்குத்தான் பிஎம்25ங்கிற ஃபார்முலா, ராபர்ட்சனும் அவரோட ஆளுங்களும் லண்டன் சிட்டி யுனிவர்சிட்டியில ஒகாபிங்கிற தேடல் சிஸ்டத்துக்காகக் கொண்டுவந்தது, 1994ல ட்ரெக்ங்கிற தேடல் சோதனைப் போட்டியில பேர் வாங்குச்சு. அதுல ரெண்டு திருகாணி, வந்த தடவைக்கு கே1, கட்டிங் நீளத்துக்கு பி. வழக்கமா கே1 1.2, பி 0.75. சராசரி நீளம் இருக்கிற கட்டிங்குக்கு கணக்கு சுலபம், வந்த தடவைய 2.2ஆல பெருக்கி, வந்த தடவையோட 1.2 கூட்டி அதால வகுக்கணும். ஒரு தடவ வந்தா 1. ரெண்டு தடவன்னா 1.375. அஞ்சுன்னா 1.774. பத்துன்னா 1.964. நூறு தடவ வந்தாலும் 2.174தான், 2.2அத் தாண்டவே தாண்டாது. இந்த அஞ்சு நம்பரையும் நீங்களே ஒரு தடவ போட்டுப் பாருங்க, கிராஃப் பேப்பர்ல வரைஞ்சாலும் நல்லது, அந்த வளைவு கைக்குப் பழகிடுச்சுன்னா பின்னாடி எந்தப் பேப்பர் படிச்சாலும் சட்டுன்னு புரியும்.

இப்போ ரெண்டு கட்டிங்க மோத விடுவோம், ரெண்டும் சராசரி நீளம். முதல் கட்டிங் நெஜமாவே தானே புயல்ல முந்திரி அழிஞ்சதப் பத்தினது, அதுல தானே 1, புயல் 3, முந்திரி 4. ரெண்டாவது கஜா புயல் செய்தி, "அமைச்சர் தானே பார்வையிட்டார்"னு தானே 2, புயல் 5, முந்திரி 3. போடுங்க. முதல் கட்டிங்: 1ஐ 1ஆல பெருக்கினா 1, 2ஐ 1.571ஆல பெருக்கினா 3.14, 3ஐ 1.692ஆல பெருக்கினா 5.08, மொத்தம் 9.22. ரெண்டாவது: 1.375, அப்புறம் 3.55, அப்புறம் 4.71, மொத்தம் 9.64. கஜா ஜெயிக்குது! கோட்ல ஒரு பிழையும் இல்ல, ஃபார்முலா சொன்னத அப்படியே செஞ்சுது, ஆனா பதில் தப்பு. இத பேப்பர்ல பாத்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா எங்க உடையுதுன்னு இப்போ விரல் வெச்சுக் காட்ட முடியும்: ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனின்னு ஃபார்முலா நெனைக்குது, "தானே"வும் "புயல்"லும் ஒட்டி வர்றப்போதான் அது பேருங்கிறது அதுக்குத் தெரியாது.

அப்போ "தானே புயல்"ங்கிற ஜோடிய ஒரு தனிச் சொல்லா எண்ணுங்க. அது 64 கட்டிங்ல வருதுன்னா ஐடிஎஃப் 4. முதல் கட்டிங்ல ஒரு தடவ, ரெண்டாவதுல இல்லவே இல்ல. 9.22 இப்போ 13.22 ஆச்சு. ஆனா இதுலயும் ஒரு விஷயம் இருக்கு, "தானே"வத் தனியாவும் எண்ணிட்டோம் ஜோடியிலயும் எண்ணிட்டோம், ஒரே சாட்சிய ரெண்டு தடவ கூண்டுல ஏத்தின மாதிரி. அதனாலதான் மெட்ஸ்லரும் கிராஃப்ட்டும் 2005ல வார்த்தைகளோட நெருக்கத்த மாடலுக்குள்ள கொண்டுவந்தப்போ (அவங்க செஞ்சது லாங்குவேஜ் மாடல்ல, அதாவது ஒரு டாக்குமெண்ட்டோட பேச்சுலேந்து அந்த க்வெரி வர எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் போடுற முறையில) ஜோடிகளுக்கு கனம் கம்மியா குடுத்தாங்க, தனி வார்த்தைக்கு 0.85, வரிசையா ஒட்டி வந்தா 0.10, வரிசை மாறி பக்கத்துல வந்தா 0.05னு பலரும் வெச்சுக்கிறது அங்கிருந்து வந்தது. ஜோடிக்கு மொத்தமா 0.15னு வெச்சு நம்ம கணக்க மறுபடி போட்டா முதல் கட்டிங் 8.44, ரெண்டாவது 8.19. ஜெயிக்குது, ஆனா நூலிழையில. எவ்வளவு கனம்ங்கிறத க்வெரிகள வெச்சு சோதிச்சுத்தான் முடிவு பண்ணணும், மனசுக்குத் தோணினத போடக் கூடாது.

இனி விதிகள். 2004ல ஹுய் ஃபாங், தாவ் தாவ், செங்ஷியாங் ஜாய் மூணு பேரும் ஒரு வேலை செஞ்சாங்க, எனக்கு இந்த ஃபீல்டுலயே ரொம்பப் புடிச்ச வேலை அதுதான். எந்த ஃபார்முலாவா இருந்தாலும் சரி, அது இந்த இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்கணும்னு கணக்கு மொழியில எழுதிட்டு, பேர் போன ஃபார்முலாக்கள ஒவ்வொண்ணா கொண்டாந்து நிறுத்திப் பாத்தாங்க. விதிகள் ரொம்ப சாதாரணமானதுதான். மத்ததெல்லாம் ஒண்ணா இருந்தா தேடுற வார்த்தை இன்னொரு தடவ வந்தா மார்க், அதாவது ஃபார்முலா குடுக்கிற மதிப்பு, ஏறணும். ஒண்ணுலேந்து ரெண்டாகுறப்போ ஏறுறது, பத்துலேந்து பதினொண்ணாகுறப்போ ஏறுறதவிட ஜாஸ்தியா இருக்கணும். சம்பந்தமில்லாத வார்த்தைய ஒண்ணு சேத்தா மார்க் ஏறக் கூடாது. ஒரு கட்டிங்க அப்படியே ரெண்டு தடவ ஒட்டி நீளமாக்கினா மார்க் எறங்கக் கூடாது, விஷயம் அதேதானே இருக்கு.

கடைசியில சொன்னத பிஎம்25ல சோதிங்க. வார்த்தை ஒரு தடவ, சராசரி நீளம், மதிப்பு 1. ரெண்டு தடவ ஒட்டினா வார்த்தை 2, நீளம் ரெண்டு மடங்கு. நீளத்துக்கான பங்கு, 1லேந்து பி போக 0.25, கூட்டல் பியோட ரெண்டு மடங்கு 1.5, அதாவது 1.75, அத 1.2ஆல பெருக்கினா 2.1. 4.4ஐ 4.1ஆல வகுத்தா 1.073. எறங்கல, பாஸ்.

ஆனா முதல் விதியில பழைய பிஎம்25 மாட்டும். அதோட ஐடிஎஃப் கொஞ்சம் வேற, வார்த்தை வராத டாக்குமெண்ட்டோட 0.5 கூட்டி, அத வர்ற டாக்குமெண்ட்டோட 0.5 கூட்டினதால வகுத்து லாக். நம்ம "தானே" 512ல வருது, வராததும் 512, வகுத்தா 1, லாக் எடுத்தா சரியா பூஜ்யம்! ஸ்டாப்வேர்ட் லிஸ்ட்டே இல்லாம ஃபார்முலாவே புயலோட பேரத் தூக்கிப் போட்டுடுச்சு. அதவிட மோசம் "கடலூர்". எங்க அப்பா பெட்டியில எத எடுத்தாலும் கடலூர்தான், 640ல வருதுன்னு வெச்சுக்கோங்க, 384.5ஐ 640.5ஆல வகுத்தா 0.6, லாக் மைனஸ் 0.74. கடலூர்னு தேடினா கடலூர்னு இருக்கிற கட்டிங் எல்லாம் கீழ போகும். வெப் மாதிரி பெரிய கலெக்‌ஷன்ல பாதி டாக்குமெண்ட்டுக்கு மேல வர்ற வார்த்தைய யாரும் தேட மாட்டாங்க, அதனால அங்க இது கண்ணுல படாது. ஒரு ஊரு, ஒரு துறைன்னு சின்ன கலெக்‌ஷன் வெச்சிருக்கிற நமக்குத்தான் இது அடிக்கும். மருந்து சின்னது, லாக்குக்குள்ள 1 கூட்டிடுங்க, லூசீன்ங்கிற தேடல் லைப்ரரியில அப்படித்தான் இருக்கு, மைனஸ் 0.74 இப்போ 0.68 ஆயிடும். நீங்க யூஸ் பண்ற லைப்ரரி எந்த ஐடிஎஃப் போடுதுன்னு சோர்ஸத் தொறந்து பாருங்க, ஒரே பேர்ல பல வெர்ஷன் ஓடுது.

நீளத்துலயும் ஒரு பள்ளம் இருக்கு. கட்டிங்குகளுக்கு நடுவுல ஒரு முழுப் புத்தகத்த ஒரே டாக்குமெண்ட்டா போட்டீங்கன்னா, சராசரியவிட 20 மடங்கு நீளம்னா, ஒரு தடவ வந்த வார்த்தைக்குக் கெடைக்கிறது 0.114தான், வராததுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. 2011ல யுவான்ஹுவா லுவும் ஜாயும் இதச் சுட்டிக்காட்டி, வார்த்தை வந்துட்டாலே குறைஞ்சது இவ்வளவுன்னு ஒரு அடித்தளம் வெச்சாங்க. நான் அதவிட புத்தகத்த அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சுப் போடுறதுதான் சொல்லுவேன்.

லாங்குவேஜ் மாடலப் பத்தி சுருக்கமா ஒண்ணு. டிரிஷ்லே ஸ்மூத்திங்ல, அதாவது கட்டிங்ல இல்லாத வார்த்தைக்கும் மொத்தப் பெட்டியிலேந்து கொஞ்சம் கடன் குடுக்கிற முறையில, எவ்வளவு கடன்னு சொல்ற ம்யூவ பல எடத்துல 2000னு வெச்சிருப்பாங்க. உங்க கட்டிங் 150 வார்த்தைதான்னா, 150ஐ 2150ஆல வகுங்க, 7 சதம். அந்தக் கட்டிங்கோட சொந்தப் பேச்சுக்கு 7 சதம், மிச்சம் 93 சதம் கலெக்‌ஷனோட பொதுப் பேச்சு. சின்ன டாக்குமெண்ட்டுக்கு இத கண்டிப்பா மாத்திப் பாருங்க. டாக்குமெண்ட்ட எண் வரிசையா வெச்சு கோணம் அளக்கிற வெக்டார், கொசைன் எல்லாம் சால்ட்டன் காலத்துலேந்து எல்லாப் பாடத்துலயும் இருக்கு, அத நீங்களே படிச்சுக்கலாம்.

நம்ம ஊருக்குன்னே நான் ஒரு விதி சேத்துக்கிட்டேன்: ஒரே எடத்துக்கு ரெண்டு பேரு இருந்தா எந்தப் பேர் எழுதியிருந்தாலும் மார்க் மாறக் கூடாது. பாண்டிச்சேரி 2006ல அதிகாரப்பூர்வமா புதுச்சேரி ஆச்சு, பேச்சுல பாண்டி, மேடையில புதுவை. நாலையும் க்வெரியில சேத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு பலபேர் விட்டுடுறாங்க. ஐடிஎஃப் போட்டுப் பாருங்க. புதுச்சேரி 256ல வருதுன்னா 2, பாண்டிச்சேரி 128ல, 3. பாண்டி 64ல, 4. புதுவை 16லதான், 6. ஒரே ஊரு, ஆனா "புதுவை"ன்னு எழுதின கவிஞருக்கு "புதுச்சேரி"ன்னு எழுதின நிருபரவிட மூணு மடங்கு மார்க். நாலுல எது வந்தாலும் ஒரே சொல்லுன்னு கணக்குல எடுங்க: கட்டிங்குக்குள்ள நாலோட எண்ணிக்கையையும் கூட்டிடுங்க, டாக்குமெண்ட் எண்ணிக்கைக்கு நாலுல ஏதாவது ஒண்ணாவது வர்ற கட்டிங் எத்தனன்னு பாருங்க. டாக்குமெண்ட் எண்ணிக்கைய மட்டும் நாலுக்கும் கூட்டிப் போடாதீங்க, ரெண்டு பெயரும் வர்ற கட்டிங் ரெண்டு தடவ எண்ணப்பட்டுடும். ஏதாவது ஒண்ணு வர்ற கட்டிங் 362ன்னு வந்தா ஐடிஎஃப் 1.5, எல்லாருக்கும் அதே. பிர்க்கோலா 1998ல ஒரு மொழியில கேட்டு இன்னொரு மொழியில தேடுறப்போ மொழிபெயர்ப்பு வார்த்தைகளுக்கு செஞ்சதும் இந்த மாதிரிதான். திருப்பாதிரிப்புலியூர், திருப்பாப்புலியூர்னு கடலூர்க்காரங்களுக்கும் வேலை இருக்கு. பாண்டி மட்டும் கவனம், "பாண்டி நாடு"ம் அதுக்குள்ள வந்துடும்.

இதெல்லாம் சரியா போகுதான்னு எப்படித் தெரியும்? மனுஷங்க படிச்சுச் சொல்லணும். சிரில் கிளெவர்டன் இங்கிலாந்து கிரான்ஃபீல்டுல 1960கள்ல போட்ட பாதை இன்னும் அதேதான்: டாக்குமெண்ட், க்வெரி, எது பொருத்தம்ங்கிற தீர்ப்பு. அவரோட பேர் போன கலெக்‌ஷன்ல 1400 டாக்குமெண்ட், 225 க்வெரிதான். இந்திய மொழிகளுக்கு 2008லேந்து ஃபயர்னு ட்ரெக் மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு, அதுல தமிழும் உண்டு, ஆனா முதல்ல உங்க சொந்தத் தீர்ப்பு ஒரு செட்டாவது செஞ்சு பாருங்க. நானும் எங்க அக்காவும் மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில ஒக்காந்து ஆளுக்கொரு நோட்டுல, பக்கத்தவங்க எழுதுறதப் பாக்காம, பொருத்தம் பொருத்தமில்லன்னு எழுதினோம். எப்படி ஒத்துப்போச்சுன்னு பாக்க காப்பான்னு ஒரு அளவு இருக்கு, குருட்டாம்போக்குல ஒத்துப்போறதக் கழிச்சிட்டு பாக்கிறது. 100ல 30க்கு ரெண்டு பேரும் ஆமான்னும் 50க்கு ரெண்டு பேரும் இல்லன்னும் சொல்லி, மிச்ச 20ல ஆளுக்குப் பத்து மாறினா 80 சதம் ஒத்துமைன்னு தோணும். ஆனா ஆளுக்கு 40 ஆமா, குருட்டாம்போக்குல சொன்னாலே 0.16 கூட்டல் 0.36, 0.52 ஒத்துப்போயிருக்கும். 0.28ஐ 0.48ஆல வகுத்தா காப்பா 0.58. மாறின எடத்தையெல்லாம் எடுத்துப் பேசினப்போதான் தெரிஞ்சுது, அக்கா நிவாரணத் தொகை இருந்தாத்தான் பொருத்தம்னு வெச்சிருந்தா, நான் மரம் விழுந்த செய்தியே போதும்னு வெச்சிருந்தேன். க்வெரிக்குக் கீழ ஒரு வரியில "எது வேணும்"னு எழுதாதது எங்க தப்பு. நீங்க முதல் நாளே எழுதிடுங்க.

தேடல் எவ்வளவு நல்லா வந்துச்சுன்னு மார்க் போடுறதுக்கு சராசரி துல்லியம் ஒண்ணு போதும் முதல்ல, பொருத்தமான ஒவ்வொண்ணும் வந்த எடம் வரைக்கும் எத்தன சரின்னு பாத்து சராசரி எடுக்கிறது. பொருத்தமானது மொத்தம் 3, அது 1, 3, 6ஆம் எடத்துல வந்துச்சுன்னா, 1, மூணுல ரெண்டு, ஆறுல மூணு, மூணையும் கூட்டி 3ஆல வகுத்தா 0.72. பொருத்தத்துல கொஞ்சம், நெறையன்னு படி இருந்தா யார்வெலினும் கெக்கலைனெனும் குடுத்த, அந்தப் படியையும் கணக்குல எடுக்கிற என்டிசிஜி அளவு பக்கம் போங்க.

அப்புறம் புது முறை பழசவிட நல்லதுன்னு சொல்லணும்னா க்வெரி எத்தனன்னு பாருங்க. அஞ்சு க்வெரி வெச்சு அஞ்சுலயும் ஜெயிச்சாலும், காசு சுண்டுற கணக்குல ரெண்டு பக்கத்துக்கும் சேத்து வாய்ப்பு 32ல 2, அதாவது 0.0625. சைன் டெஸ்ட்னு சொல்ற இந்தக் கணக்குல, தற்செயல் இல்லன்னு ஒத்துக்க வழக்கமா கேக்குற 0.05க்குக் கீழ அது எறங்கவே எறங்காது. ஆறுன்னா 0.031. நெஜத்துல எல்லாத்துலயும் யாரும் ஜெயிக்கிறதில்ல, அதனாலதான் ட்ரெக்ல ஒரு வருஷத்துக்கு 50 தலைப்புன்னு வெச்சாங்க. கே1, பி, ஜோடியோட கனம் இதெல்லாம் எந்த க்வெரிய வெச்சு திருகினீங்களோ அந்த க்வெரியிலயே ரிசல்ட் சொல்லாதீங்க, பாதியில திருகி மறு பாதியில அளங்க, அப்புறம் பாதிய மாத்திப் போட்டு மறுபடி அளங்க.

சராசரி ஏறினதும் கடைய மூடாம, க்வெரி வாரியா எது ஏறுச்சு எது எறங்குச்சுன்னு ஒரு பட்டியல் எடுத்து, எறங்கினதுல மோசமான மூணு க்வெரிய மறுபடி நோட்டுல கையால போடுங்க. எனக்கு அதுல முதல்ல வந்தது "நீலம் புயல்". ஜோடியா எண்ணினதால அது நல்லாத்தான் வரணும், ஆனா அப்பாவே சில கட்டிங்ல ஓரமா "நீலம் 2012"ன்னு கையால எழுதி வெச்சிருந்தத நான் அப்படியே டைப் பண்ணியிருந்தேன், புயல்ங்கிற வார்த்தை பக்கத்துல இல்ல, ஜோடி மார்க் விழல. வருஷத்தையும் பேரோட ஜோடியா சேத்துக்கலாமான்னு இப்போ போட்டுப் பாத்துட்டிருக்கேன்.